மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவளை இரண்டாம் வகுப்பில் சேர்க்கலாமா?

கொருக்குப்பேட்டை அம்மா | ஜூலை 2021

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகள் படிப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது என் மகள் ஒன்றாம் வகுப்பு. எங்கள் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு தனியார் பள்ளி. இப்போது அவள் மூன்றாம் வகுப்பாம். இரண்டாம் வகுப்பு அறையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்கிறாள். சேர்த்து எழுதினால் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஆன்லைன் வகுப்பு நடக்காமல் இல்லை. ஆனால் வீட்டில் நெட் இருக்கும் போன் ஒன்றுதான். டோல்கேட்டுக்கும் பாரிமுனைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிஸ் காலையில் அனுப்புகிற ஆடியோவை இவள் ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் கேட்கிறாள். பாதியிலேயே கண் சொக்கிவிடும்.

மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. எங்களுடையது ஒரே அறை வீடு. பிள்ளைகளை மூலக்கொத்தளத்தில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் மாமியாரும் வராந்தாவில் படுத்தோம். அவர் பிழைத்து வந்ததே பெரிது. ஆனால் இன்னும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆட்டோ நின்றாலும் டியூ நிற்கவில்லை. அரசாங்கம் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாய் வாடகைக்குப் போனது. பள்ளியில் பழைய ஃபீஸ் பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் டிசி என்கிறார்கள். அதனால் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். அங்கே மூன்றில் சேர்ப்பதா, இரண்டிலேயே சேர்த்து நன்றாக அடிப்படை போடுவதா? இதுதான் என் கேள்வி.

இன்னொன்று. மாமியாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்று போன வருஷத்திலிருந்து போகவே மாட்டேன் என்கிறார். இருக்கிற மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார். இப்போது கால் கட்டை விரலில் ஒரு புண். தடுப்பூசியும் சர்க்கரை குறைந்த பிறகுதான் என்கிறார்.

பெரியவன் பத்தாவது. அவனைப் பற்றிக் கவலை இல்லை. காசிமேட்டில் என் தம்பியோடு மீன் ஏலத்துக்குப் போய் ஐஸ் அள்ளிக் கொடுத்து, வாங்குகிற கூலியை அப்படியே என் கையில் கொடுக்கிறான்.

---

தண்டையார்பேட்டை ரேவு

அக்கா, நாங்கள் போன வருஷமே இரண்டு பிள்ளைகளையும் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றிவிட்டோம். இங்கிலீஷ் மீடியமும் இருக்கிறது. புத்தகம், சீருடை காசில்லை, பள்ளி மூடியிருந்தாலும் சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். எங்கள் மிஸ் வாரம் ஒரு தடவை தெருவுக்கே வந்து நோட்டைப் பார்த்தார். தைரியமாக மாற்றுங்கள்.

---

கரும்பலகை

சகோதரி, நான் வியாசர்பாடிப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பிலேயே சேருங்கள். உங்கள் மகளைப் போலத்தான் என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள். எல்லாரையும் எழுத்திலிருந்து திரும்பத் தொடங்கத்தான் போகிறோம். இவளை மட்டும் கீழே இறக்கினால், தன் வயசுப் பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள் என்பதுதான் அவள் மனதில் பதியும். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதும் இல்லை.

பள்ளி திறக்கும் வரை ஒன்று செய்யுங்கள். புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். க, ப, ம, ட, த, ல என்று ஐந்தாறு எழுத்தை மட்டும் எடுத்து, கால் போட்டால் என்ன சத்தம், கொம்பு போட்டால் என்ன சத்தம் என்று வாயால் சொல்ல வையுங்கள். படம், பால், மாடு, தபால் என்று புள்ளி எழுத்து ஒன்றிரண்டோடு வரும் சின்ன வார்த்தைகள் போதும். அது பழகிய பிறகுதான் 'பட்டம்', 'தக்காளி' போல ஒற்று இரட்டிக்கும் வார்த்தைகள். நீங்கள் சொன்ன தடுமாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூட்டிப் படிப்பது கண்ணுக்கு முன்னால் காதில் நடக்க வேண்டும். பள்ளியில் முப்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும்போது அது தானாக நடந்துவிடும், போனில் வரும் ஆடியோவில் நடக்காது. அவள் மக்கு இல்லை. அதை அவள் எதிரில் நீங்கள் சத்தமாகச் சொல்லவும் வேண்டும்.

கடைக்குப் போகும்போது பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். ஷேர் ஆட்டோ வசூலில் வரும் சில்லறையை அவளிடம் கொடுத்து, பத்து, ஐந்து, இரண்டு என்று பிரித்து எண்ணச் சொல்லுங்கள். கழித்தல் கணக்கு அதிலேயே வந்துவிடும். காலையில் போன் இல்லாவிட்டாலும் கேபிளில் கல்வித் தொலைக்காட்சி வருகிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஒரே வார்த்தையை ஐம்பது தடவை எழுதச் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம்.

சரி, சின்னவள் எழுந்துவிடுவாள். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும், அவ்வளவுதான். எனக்கு உண்மையில் பயம் பெரியவனை நினைத்துத்தான். நீங்கள் ஒரே பத்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இந்த ஊரடங்கில் நான் வீடு வீடாகப் போனபோது, போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் எட்டு வயசுக்காரர்கள் இல்லை. பதினாலு, பதினைந்து வயசுப் பையன்கள்தான். அந்தக் கூலி வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. அவன் என்ன சொல்கிறான்?

---

புதன்கிழமை ஊசி

நான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். உங்கள் மாமியார் விஷயத்தை நாளைக்குத் தள்ளாதீர்கள் அக்கா.

அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே பயப்படுகிறார்? மாத்திரைக்கு அங்கே போக வேண்டியதே இல்லை. உங்கள் வட்டத்து சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை, பிபி இரண்டும் பார்த்து மாத்திரை தருகிறோம். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள். பழைய சீட்டு எதுவாக இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்டால் சர்க்கரை ஏறி இறங்கி ஆடும், புண் ஆறாது.

சர்க்கரைக்காரர்களுக்குக் கால் உணர்ச்சி குறைந்திருக்கும். வலி இல்லை என்று சொல்வதை நம்பாதீர்கள். வெந்நீர் ஒத்தடம், மஞ்சள், எரிக்கிற எண்ணெய் எதுவும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும். விரல் கருத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ எங்களிடம் கூட வர வேண்டாம், அன்றைக்கே நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கொரோனா பயத்தில் வீட்டிலேயே இருந்து, விரலை எடுக்க வேண்டிய நிலையில் வந்தவர்களை இந்த ஒரு வருஷத்தில் பார்த்துவிட்டேன். அந்த வேதனையில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தடுப்பூசிக்குச் சர்க்கரை குறையும் வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரை இருப்பவர்களுக்குத்தான் கொரோனா கடுமையாகிறது, அதனால்தான் மார்ச்சிலேயே வயதானவர்களோடு அவர்களுக்கும் முதலில் போட்டார்கள். கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசி 84 நாள் கழித்து. உங்கள் கணவர் மே மாதம் வந்து குணமானவர், குணமாகி மூன்று மாதம் ஆனதும் போடட்டும். மூச்சு வாங்குவதையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள்.

---

கொருக்குப்பேட்டை அம்மா

நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. இன்று காலையிலேயே கூட்டிப் போனேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டு போட்டார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். ஊசிக்கு அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார்.

டீச்சர், நீங்கள் கேட்ட பிறகு ராத்திரி பெரியவனிடம் பேசினேன். "ஒன்பதாவது பரீட்சையே இல்லாமல் ஆல் பாஸ் போட்டார்கள், பத்தாவதும் அப்படித்தான் போடுவார்கள், நான் எதற்குப் படிக்கணும்" என்கிறான். பிப்ரவரியில் பள்ளி திறந்தபோது கொஞ்ச நாள் ஆசையாகப் போனான். மார்ச்சில் மறுபடி மூடியதும் புத்தகப் பையைப் பரண் மேலே போட்டவன்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறான். அவன் அப்பா படுத்திருந்த நாளில் அவன் கொண்டுவந்த காசில்தான் அடுப்பு எரிந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

வார்ப்புக்காரன்

அக்கா, நான் காசிமேடு. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நான் பத்தாவது. அப்பாவுடைய கட்டுமரம், வலை எல்லாம் போய்விட்டது. ஒரு மாதம் கூட மாட இருந்துவிட்டு ஸ்கூலுக்குப் போகலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எவரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. கையில் காசு பார்த்த பிறகு பெஞ்சில் உட்கார உடம்பு வராது. உங்கள் மகன் சோம்பேறி இல்லை. வீட்டைத் தாங்குகிறோம் என்ற பெருமை அவனுக்கு இருக்கும். அதை முதலில் மதியுங்கள். அப்புறம் பேசுங்கள்.

பத்தாவது இல்லாததால் எங்கெங்கே வாசல் சாத்தும் என்று அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் பத்தாவது பாஸ் என்றால் வளைகுடா போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்கிற அரசு அனுமதி தேவையில்லை; இல்லையென்றால் அதற்கு அலைய வேண்டும். கப்பலில் ரேட்டிங், அதாவது அதிகாரிக்குக் கீழே இருக்கிற மாலுமி வேலைக்குப் பத்தாவது கட்டாயம். ஐடிஐயில் நல்ல டிரேடுகள் பலவற்றுக்கும் அப்படித்தான். என்னோடு படித்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நான் இன்னும் லாஞ்சில் ஆள் குறைந்தால்தான் கூப்பிடப்படுகிறேன்.

ஒரே அடியாக நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், கூலியும் அன்றைக்குத்தான் நன்றாக வரும். அந்த ஒரு நாள் மட்டும் போகட்டும். மற்ற நாள் தூங்கி எழுந்து புத்தகத்தைத் தொடட்டும். உங்கள் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள். மாமன் "வாராதே" என்று சொன்னால் நிற்பான், அம்மா சொன்னால் நிற்க மாட்டான்.

---

கரும்பலகை

தம்பி சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். ஆல் பாஸ் என்பது எப்போதும் இருக்காது. இந்த வருஷமே முதலில் 10, 12, பிறகு 9, 11 என்றுதான் திறந்தார்கள். அடுத்து திறந்தாலும் பெரிய வகுப்புகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் அவன் வகுப்பு ஆசிரியரைப் பள்ளியில் போய்ப் பாருங்கள். நாங்கள் இப்போது பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறோம், அவர்களும் இருப்பார்கள். அவர் போனில் ஒரு தடவை பேசினால் போதும், பையன்களுக்கு அது பெரிய விஷயம்.

---

கொருக்குப்பேட்டை அம்மா

என் தம்பியிடம் பேசிவிட்டேன். அவனும் எட்டாவதோடு நின்றவன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "சரிக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டிப் போறேன்" என்றான். பெரியவன் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை அவன் சாரைப் பார்க்கப் போகிறேன்.

டீச்சர், சின்னவளுக்கு டிசி இல்லாமல் சேர்ப்பார்களா? பாக்கி முழுசும் கட்டு என்று நிற்கிறார்கள்.

---

கரும்பலகை

சேர்ப்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவில், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகல், புகைப்படம் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். மகளின் எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற அடையாள எண்) பழைய ரேங்க் கார்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். பழைய பள்ளி அதை விடுவிக்காவிட்டால் தலைமையாசிரியரே வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பேசுவார்.

பாக்கி விஷயத்தில் ஒன்று. போன வருஷக் கட்டணத்தில் 75 சதவீதத்தைத்தான் இப்போதைக்கு வாங்கலாம் என்று 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது: முதலில் 40, பள்ளி திறந்த பிறகு 35. அவர்கள் முழுத் தொகை கேட்டால், எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த பணத்துக்கு ரசீதுகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடி வையுங்கள்.