பாதி நீர்த் தொட்டியில் மேலே செடி, கீழே கப்பி மீன்

கேள்வி:
இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் பாதியளவு நீர் நிரப்பிப் பத்து கப்பி மீன்களை வளர்க்கிறேன். நீருக்குள் வளர்ந்திருந்த நீர்ப்பிரமி, கிரிப்டோகோரைன் ஆகிய நீர்ச்செடிகளை, இலைகள் வெளியே நிற்குமாறு, மேடாக்கிய மணலில் நட்டேன். இரண்டே நாளில் இலைகள் காய்ந்துவிட்டன. எங்கே தவறினேன்?

பதில் 1:
தவறு நடவில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. நீருக்குள் உருவான இலையின் மெழுகுப்பூச்சு மிக மெல்லியது என்பதால், உலர்காற்று பட்டதும் அது வாடிவிடும். வேர் உயிருடன் இருந்தால் காற்றுக்கேற்ற தடித்த இலைகள் புதிதாகத் துளிர்க்கும். அதுவரை தொட்டியின் மேல் கண்ணாடி மூடியிட்டு, ஒரு விரல் இடைவெளி மட்டும் விடுங்கள். கப்பிகள் துள்ளி விழாமலிருக்கவும் அது உதவும்.

பதில் 2:
உரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன்கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை வேர்களே உறிஞ்சிக்கொள்வதால், பெரும்பாலும் தனி உரம் தேவைப்படாது. யூரியா இட்டால் அது அம்மோனியாவாக மாறி மீன்களைக் கொல்லக்கூடும். அசுவினி வந்தாலும் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், பைரெத்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. இலையை நீரில் அலசினால் போதும், உதிரும் பூச்சிகளைக் கப்பிகளே தின்றுவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நீர்ப்பிரமியின் கணுக்களில் பச்சை தெரிகிறது. இலையே இல்லாத கிரிப்டோகோரைனைப் பிடுங்கிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். கிழங்கு அழுகாமல் உறுதியாக இருந்தால் சில வாரங்கள் பொறுத்திருங்கள். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட ‘வென்டியை’ (wendtii) என்னும் கிரிப்டோகோரைன் வகையாக இருந்தால், நீருக்கு வெளியே பூக்கவும் வாய்ப்புண்டு.