சி சாவ்: ‘ஒட்டுக்கை’ என்றே வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

சீனத் தற்காப்புக் கலையான விங் சுன்னுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், இருவர் கைகளைத் தொட்டபடி பழகும் ‘சி சாவ்’ என்ற பயிற்சியின் பதிவு மட்டும் மூன்று வாரமாக முடியாமல் நிற்கிறது. முதல் வாரம் ‘ஒட்டுக்கை’ வேண்டாம் என்று எழுதியவன் நான். இப்போது அதையே வைக்கலாம் என்று எழுதுகிறேன். மனம் மாறிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

> கராத்தே, குங்ஃபூ எல்லாம் அப்படியே எழுதுகிறோம். இதையும் ‘சி சாவ்’ என்றே விட்டால் என்ன குறை?

கலையின் பெயர் அப்படியே இருக்கட்டும். விங் சுன் விங் சுன்தான். ஆனால் இது பயிற்சியின் பெயர், வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாயில் வரும் சொல். தமிழ்க் காதில் அது ‘சீ, சாவு’ என்று விழுகிறது. எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினாலும் ‘ஸி’ என்று படிப்பவர் பாதி, ‘ச்சி’ என்று படிப்பவர் பாதி. காண்டனீஸ் ஒலி பின்னதற்குத்தான் அருகில் இருக்கிறது.

சொல்லின் பொருளில் குழப்பம் இல்லை. ‘சாவ்’ என்றால் கை. ‘சி’ என்றால் பிசுபிசுவென்று ஒட்டுவது. அந்தச் சீன எழுத்தின் இடப்பக்கத்தில் இருப்பது பனிவரகைக் குறிக்கும் எழுத்து. சமைத்தால் பசைபோல் ஆகும் தானியத்தை வைத்து ஒட்டும் தன்மையைக் காட்டியிருக்கிறார்கள். அதனால் ‘ஒட்டும் கை’ நேரான பெயர்ப்புதான். பிறகு ஏன் மறுத்தேன்?

பழகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பெயரே புதியவரைக் கெடுக்கும். இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். பாதங்கள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும், முழங்கால்கள் ஓர் ஆட்டை நடுவில் இடுக்கியதுபோல் இருக்கும். அந்த நிலைக்குப் பெயரே ‘ஆட்டை இடுக்கும் நிலை’. முன்கைகள் தொட்டபடியே உருள்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு கை மேலும் கீழுமாக வடிவம் மாறும், மற்றொரு கை எதிராளியின் கைமேல் படிந்திருக்கும். எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே அடி போகும். கண்ணைக் கட்டிக்கொண்டும் இதைச் செய்வார்கள், ஏனென்றால் சேதி வருவது தோல் வழியாக.

நான் முதல் ஆண்டில் ‘ஒட்டு’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு என்னோடு பழகியவர் கையை விடாமல் பக்கவாட்டில் அழுத்தினேன். அவர் கையைச் சட்டென்று எடுத்தார். என் கை தன் பாட்டுக்கு வெளியே ஓடியது, நெஞ்சு திறந்து கிடந்தது, அவர் முஷ்டி அங்கே வந்து நின்றது. இது ஒருநாள் கதை அல்ல, பல மாதம் நடந்தது. இந்தக் கலையில் வாய்வழியாக வரும் ஒரு பாடம் உண்டு: ‘வருவதை இருத்து, போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய்.’ மூன்றாவது வரியில் ஒட்டே இல்லை. பசைபோல் பிடித்துக்கொண்டிருப்பவன் அந்த மூன்றாவது வரிக்கு வரவே முடியாது. என் மறுப்பு இதுதான்.

போன வாரம் நம் குழுவில் ஓர் அம்மா எழுதிய ஒற்றை வரி என்னைத் திருப்பிவிட்டது.

> ஒட்டுக்கேட்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்வதற்காகவா அங்கே நிற்கிறார்?

படித்ததும் எழுந்து நடந்தேன். எவ்வளவு சரி! ஒட்டுக்கேட்பவர் கதவின்மேல் பாரத்தைப் போடமாட்டார், போட்டால் கதவு முனகும். காது தொட்டும் தொடாமலும் இருக்கும். கவனம் முழுக்க அந்தப் பக்கம். உள்ளே காலடி நெருங்கினால் இவர் அதற்குமுன் நகர்ந்திருப்பார். நல்ல சி சாவ் இதைவிட வேறு எதுவும் இல்லை. தைச்சி என்ற சீனக் கலையைப் பழகுபவர்கள் தொடுகையின் வழியே எதிராளியின் விசையை அறிவதைக் ‘கேட்பது’ என்றே சொல்கிறார்கள். நம் ‘ஒட்டு’ என்ற சொல்லுக்குள் அந்தக் கேட்டல் முன்பே இருக்கிறது. நான்தான் பசையை மட்டும் பார்த்தேன்.

இன்னொரு பொருத்தம். ஹாங்காங்கில் விங் சுன்காரர்கள் சவாலுக்கு மோதிப் பார்ப்பதற்குப் பெயர் ‘கொங் சாவ்’, அதாவது பேசும் கை. அதில் பெயர் பெற்றவர் வோங் ஷுன் லியூங் (1935–1997). ‘பேசும் கையின் அரசன்’ என்றே அவரை அழைத்தார்கள். விங் சுன் ஆசான் இப் மேனின் மாணவர், புரூஸ் லீக்கும் கற்றுக்கொடுத்தவர். சண்டை பேசும் கை என்றால், பயிற்சி கேட்கும் கையாக இருப்பது இயல்புதானே.

மற்றப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘பிணைகை’ மல்யுத்தப் பிடியை நினைவூட்டுகிறது, இங்கே யாரும் யாரையும் பூட்டுவதில்லை. ‘ஊறுகை’ என்று ஒரு நண்பர் சொன்னதை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். திருக்குறள் ஐம்புலனை எண்ணும்போது தொடு உணர்வை ‘ஊறு’ என்கிறது. ஊறு என்றால் காயம் என்றும் பொருள் உண்டு. இரண்டும் இந்தப் பயிற்சிக்குப் பொருந்துகின்றன. ஆனால் வாயால் சொன்னால் ஊறுகாய் என்றுதான் கேட்கும், ஆகவே மனமில்லாமல் விடுகிறேன்.

‘உணர்கை’யில் வேறு சிக்கல். தமிழில் ‘கை’ தொழிற்பெயர் விகுதியாகவும் வரும்: வருகை, தொடுகை. உணர்கை என்றால் உணர்வது என்றே படிக்கத் தோன்றும், கை காணாமல் போகும். ‘ஒட்டுகை’க்கும் அதே கதி. ‘ஒட்டுக்கை’யில் அந்த ஒரு ‘க்’ நம்மைக் காப்பாற்றுகிறது. பட்டியலில் அதை யாரும் விட்டுவிடக் கூடாது.

இதே காரணத்தால் உருளும்போது வரும் மூன்று கைகளுக்கும் என் பரிந்துரை சற்று மாறுகிறது. ‘டான் சாவ்’ உள்ளங்கை வானம் பார்க்க முன்னே விரியும் கை. ‘விரிகை’ என்று போட்டிருக்கிறோம், விரிவது என்று ஆகிவிடும். ‘மலர்ந்த கை’ என்றால் படமே வந்துவிடுகிறது. ‘போங் சாவ்’ முழங்கை உயர்ந்து முன்கை சரிந்து நிற்பது. அந்தச் சீனச் சொல்லே சிறகைக் குறிப்பதால் ‘சிறகுக்கை’ போதும். ‘ஃபுக் சாவ்’தான் கடினம். ‘அடக்கும் கை’ என்று சிலர் எழுதுகிறார்கள், அகராதிப்படி தவறில்லை. ஆனால் அடக்கு என்று சொன்னால் மாணவர் அழுத்துவார், நான் பட்டதையே அவரும் படுவார். அந்தக் கை மற்றவர் கையின்மேல் குடைபோல் படிந்திருப்பது. ‘கவிந்த கை’ என்பேன். மலர்ந்த கையும் கவிந்த கையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்று வகுப்பில் சொன்னால் விளக்கமே வேண்டாம்.

தனியாக நின்று வரிசையாகச் செய்யும் மூன்று கைவரிசைத் தொடர்களின் பெயர்களில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. முதலாவது ‘சியூ நிம் தாவ்’: நின்ற இடத்தில் அடி எடுத்து வைக்காமல் செய்வது. ‘சிற்றெண்ணம்’ அழகாக இருக்கிறது. விங் சுன் ஆசிரியர் சு ஷோங் தின் (1933–2014) போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க இந்த ஒன்றையே தோண்டியிருக்கிறார்கள், ஆகவே ‘தொடக்கப் பாடம்’ என்று யாரும் குறைத்து எழுத வேண்டாம். மூன்றாவதான ‘பியூ ஜீ’க்குப் ‘பாய்விரல்’ சரி.

இரண்டாவதான ‘சம் கியூ’வுக்குப் ‘பாலம் தேடல்’ என்பதையும் ஏற்கிறேன், ஒரு வேண்டுகோளுடன். தென்சீனக் கலைகளில் ‘பாலம்’ என்பது முன்கை, அது எதிராளியின் முன்கையைத் தொடும் இடம். ஹுங் கர் பழகுபவர்களும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பாலம் விளங்காதவருக்கு ஒட்டுக்கையும் விளங்காது: பாலம் கிடைத்த பிறகுதானே ஒட்டு.

அடித்துப் பழகுவதற்கான மரப் பொம்மையான ‘மூக் யான் ஜோங்’கை ‘மர ஆள்’ என்றே வைக்கலாம். மூன்று கை, ஒரு கால். தென்சீன நகரமான ஃபோஷானில் மண்ணில் நட்டு வைத்திருந்ததை இப் மேன் (1893–1972) காலத்து ஹாங்காங்கில் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் சட்டம் அடித்து மாட்டினார்கள். அந்த ஆளோடு பழகுவதை ஒட்டுக்கை என்று எழுதக் கூடாது. மரம் தள்ளாது, ஏமாற்றாது, அதனிடம் கேட்க எதுவும் இல்லை.

பதிவின் வாசகத்தை இப்படி முன்வைக்கிறேன்:

ஒட்டுக்கை: விங் சுன் கலையில் இருவர் முன்கைகளைத் தொட்டபடி உருட்டி, எதிராளியின் விசையும் திசையும் மாறுவதைத் தொடுகையால் அறிந்து, தடை நீங்கிய கணத்தில் தாக்கப் பழகும் பயிற்சி. ஒரு கையால் செய்வது ஒற்றை ஒட்டுக்கை, இரு கையால் செய்வது இரட்டை ஒட்டுக்கை.

‘தடை நீங்கிய கணத்தில்’ என்ற சொற்களை மட்டும் சுருக்கத்துக்காக வெட்டிவிடாதீர்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள்.