அப்பாவின் போனில் எஃப்-டிராய்டு: பழைய ஆப் மேல் ஏற மறுக்கிறது

வைகைக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. காலை நடையில் ஆன்டெனாபாடில் பாட்காஸ்ட் கேட்பார். இனி அவர் போனுக்கு ஆப்களை, திறந்த மூல ஆப்களை இலவசமாகத் தரும் எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையிலிருந்தே எடுக்கலாம் என்று நேற்று ராத்திரி அதன் ஏபிகே-யை (நிறுவல் கோப்பை) இறக்கினேன். கோப்பு தீங்கானதாக இருக்கலாம் என்று ஒரு எச்சரிக்கை. அப்புறம் ஆப் நிறுவ பிரவுசருக்குத் தனி அனுமதி, எஃப்-டிராய்டுக்கு மறுபடி அதே அனுமதி. பக்கத்தில் இருந்த அப்பா, "வைரஸ் ஏதும் ஏத்திடாதம்மா" என்றார். எல்லாம் தாண்டி ஆன்டெனாபாடை நிறுவப் போனால், கையொப்பம் வேறாக இருக்கிறது, பழையதை நீக்கு என்கிறது. நீக்கினால் மூன்று வருடமாகச் சேர்த்த பட்டியல் போய்விடுமா?

தறிவீடு:
அவசரப்பட்டு நீக்காதீர்கள். எஃப்-டிராய்டு பெரும்பாலும் மூல நிரலை (ஆப்பை எழுதிய குறியீட்டை) எடுத்து, தானே ஆப்பாகத் தொகுத்து, யார் தந்தது என்று காட்டும் தன் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடுகிறது. பிளே ஸ்டோர் பதிப்பின் சாவி வேறு. பெயர் ஒன்றானாலும் ஆண்ட்ராய்டுக்கு இரண்டும் வேறு வேறு ஆள் தந்தவை. இந்தத் தடை அவசியம், இல்லையென்றால் உங்கள் ஆப் மேல் எவரும் போலியை ஏற்றிவிடலாம். ஆன்டெனாபாட் அமைப்புகளில் தரவுத்தள ஏற்றுமதி இருக்கிறது. அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு நீக்குங்கள், புதியதில் இறக்குமதி செய்யுங்கள். இறக்கி வைத்த ஒலிக்கோப்புகள் மட்டும் போய்விடும். முடிந்ததும் பிரவுசருக்குக் கொடுத்த அனுமதியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். போன் ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தையது என்றால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் யாராவது 'நிறுவு' அழுத்த வேண்டும். அப்பாவைத் தனியே விட முடியாது.

உப்பாற்று மணல்:
பிளே ஸ்டோர் என்ற ஒரே வாசலை நம்பினால் என்ன ஆகும் என்று 2024 மார்ச்சில் பார்த்தோம். கட்டணத் தகராறில் கூகுள் நம் சென்னை பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பின. பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தும் இது நடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு: கூகுளிடம் அடையாளத்தைப் பதிவு செய்யாத டெவலப்பரின் ஆப்பை, கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்துகூட நிறுவ விடமாட்டார்களாம். விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்பதாகப் பின்னர் சொன்னார்கள். அந்த வழியில் உங்கள் அப்பா போவாரா?

வைகைக்கரை:
நன்றி அண்ணா, பட்டியல் முழுசாக வந்துவிட்டது. பாதியில் நிறுத்தியிருந்த பகுதிகூட அதே இடத்திலிருந்து ஓடியது. போன் ஆண்ட்ராய்டு 11, அதனால் மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது நானே புதுப்பித்துக் கொடுக்கிறேன். வங்கி ஆப்பை மட்டும் பிளே ஸ்டோரிலேயே விட்டுவிட்டேன்.