பழைய செய்தித்தாளில் ‘எலோப்’: அந்த மனைவிகள் யாரோடு போனார்கள்?

வேலுமணி:
18ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் காலனிப் பத்திரிகைகளின் ஸ்கேன் பிரதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பென்சில்வேனியா கெஜட் போன்றவற்றில் ஒரு வகை விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. “என் மனைவி இன்னார் என் படுக்கையையும் பந்தியையும் விட்டு எலோப் ஆகிவிட்டாள். யாரும் அவளுக்குக் கடன் கொடுக்க வேண்டாம். இனி அவள் வாங்கும் கடனை நான் கட்ட மாட்டேன்.” சாரம் இதுதான், பெயர் மட்டும் மாறும். ‘எலோப்’ (elope) என்றால் காதலனோடு ஓடிப்போவதுதானே. இத்தனை பெண்கள் காதலனோடு ஓடியிருக்கிறார்கள் என்றால், அந்தக் காலக் குடும்பம் கட்டுக்கோப்பாக இருந்தது என்று நாம் படித்ததெல்லாம் என்ன?

தமிழ்ச்செல்வி:
வேலுமணி சார், நீங்கள் சொன்ன விளம்பரத்தில் காதலன் எங்கே இருக்கிறான்? இன்றைய அர்த்தத்தை அன்றைய வினைச்சொல்லில் ஏற்றுகிறீர்கள். சாமுவேல் ஜான்சன் தன் 1755 ஆங்கில அகராதியில் இந்த வினைக்குக் கொடுத்த பொருள் ஓடிப்போதல், சட்டத்திலிருந்தோ கட்டுப்பாட்டிலிருந்தோ தப்புதல். அவ்வளவுதான். அன்று எஜமானிடமிருந்து தப்பிய வேலையாளையும் அடிமையையும் தேடும் விளம்பரங்களிலும் இதே சொல் வரும். அவர்கள் யாரைக் காதலித்தார்கள்? அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளி சொல்லாமல் வெளியேறினால் இன்றைக்கும் இதே சொல்தான்.

வேலுமணி:
அகராதி சரி. ஆனால் சட்டத்தை விட்டுவிட்டீர்களே, அம்மா. கணவனை விட்டுப் போய் வேறொருவனோடு வாழும் மனைவிக்கு அவன் சொத்தில் விதவைப் பங்கு கிடையாது என்று இங்கிலாந்தில் 1285லேயே சட்டம் வந்துவிட்டது. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 1765ல் எழுதியதையும் பாருங்கள். மனைவி எலோப் ஆகி வேறு ஆணோடு வாழ்ந்தால், அவளுடைய அத்தியாவசியச் செலவுக்குக்கூடக் கணவன் பொறுப்பில்லை. இது தெரிந்த கணவன் வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறான்.

தமிழ்ச்செல்வி:
வேண்டுமென்றேதான். நான் சொல்வதும் அதுதான்!

பிளாக்ஸ்டோன் அதே இடத்தில் இன்னொன்றும் சேர்க்கிறார்: பொருள் கொடுத்தவருக்கு அவள் போன செய்தி தெரிந்திருக்க வேண்டும். விளம்பரம் எதற்கு என்று இப்போது புரிகிறதா? மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாத காலம். கடையில் துணியோ மாவோ வாங்கினால் கணக்கு கணவன் பெயரில்தான் ஏறும். அடித்து விரட்டியவன் அவள் செலவை ஏற்றே ஆக வேண்டும். அவளாகவே போய்விட்டாள் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். “நான் அடித்தேன், அவள் போய்விட்டாள்” என்று எவன் காசு கொடுத்து அச்சடிப்பான்? அந்த வினைச்சொல் கடைக்காரனுக்கு விடும் எச்சரிக்கை. அதை வைத்து அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தை முடிவு செய்வது அநியாயம்.

சில மனைவிகள் பதில் விளம்பரமே போட்டிருக்கிறார்கள். அடி தாங்காமல் போனேன், என் பொருளையெல்லாம் அழித்தார், விட்டுவிட்டுப் போக அவரிடம் படுக்கையும் இல்லை பந்தியும் இல்லை என்ற மாதிரி. எனக்கு அந்தப் பதில் வரிகள்தான் முக்கியம்.

குமரன்:
இடையில் ஒன்று. காதல் ஜோடி ஓடுவது என்ற பொருள் பரவலானதற்கு ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டமும் ஒரு காரணம். 1754 முதல் இங்கிலாந்தில் 21 வயதுக்குக் குறைந்தவர் லைசென்ஸ் வாங்கித் திருமணம் செய்யப் பெற்றோர் சம்மதம் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தில் தேவைப்படவில்லை. அதனால் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற ஸ்காட்லாந்து கிராமத்துக்கு ஓடினார்கள், லண்டன் பத்திரிகைகளுக்கும் நல்ல தீனி.

வேலுமணி:
குமரன் சொல்வது செய்திப் பத்தி. நாங்கள் பேசுவது கட்டண விளம்பரம், இரண்டையும் கலக்க வேண்டாம். தமிழ்ச்செல்வி அம்மா, எல்லோரும் காதலனோடு போனார்கள் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் ஊரே படிக்கும் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் மனதில் இன்னொரு ஆணின் நிழல் விழாமல் இருந்திருக்காது. ஜான்சனே ‘எலோப்மென்ட்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு விளக்கம் தரும்போது, பெரும்பாலும் மனைவியைப் பற்றிச் சொல்வது என்கிறாரே?

தமிழ்ச்செல்வி:
அதே வரியில் அவர் ‘நியாயமான கட்டுப்பாட்டை’ மீறிப் போவது என்றும் எழுதுகிறார். நியாயமானது என்று யார் முடிவு செய்தார்கள், சார்? நியூயார்க்கில் 1848லும் இங்கிலாந்தில் 1882லும் மனைவிக்குத் தனிச் சொத்துரிமை தரும் சட்டங்கள் வந்தன. அதற்கு முன்பு வந்த எந்த விளம்பரத்தை எடுத்தாலும், அடுத்தடுத்த வார இதழ்களில் மனைவியின் பதில் இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.