துவாலுவில் அரசு நுகர்வு இவ்வளவு இருப்பது ஊதாரித்தனமா?

கடற்கரையான்:
பசிபிக்கில் உள்ள துவாலுவின் தேசியக் கணக்கைப் பார்த்தேன். அரசு நுகர்வு மட்டுமே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதியைத் தாண்டி நிற்கிறது. பெரிய நாடுகள் பலவற்றில் இது 10 முதல் 25 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அங்கே சம்பள வேலை என்றாலே பெரும்பாலும் அரசு வேலைதான். தனியார் தொழில் எப்படித் தலையெடுக்கும்? அரசைச் சுருக்கினால்தான் அந்த நாடு உருப்படும்.

பொன்னி:
எதைச் சுருக்குவது, சொல்லுங்கள். சுமார் 11,000 பேர், 9 தீவுகள், மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர். வடக்கே நானுமேயாவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால், 450 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து தலைநகர் ஃபுனாஃபுட்டிக்கு வர வேண்டும். நாட்டின் ஒரே மருத்துவமனை அங்கேதான். வெளித்தீவுகளுக்குப் போய்வரப் பெரும்பாலும் அரசுக் கப்பலைத்தான் நம்ப வேண்டும். ஐந்து பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் டீசலும் மாலுமி சம்பளமும் ஒன்றுதான்.

விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943-இல் அமெரிக்கப் படை போட்ட ஓடுபாதை. மாலையில் பிள்ளைகள் அதில் பந்து விளையாடுவார்கள். விமானம் வரும் நேரத்தில் சைரன் ஊதி எல்லோரையும் விலக்குவார்கள். வாரத்துக்குச் சில விமானங்கள்தான். அதற்காகத் தீயணைப்பு ஆளே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

கடற்கரையான்:
கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. அதே பசிபிக்கில் நவ்ரு என்ற தீவு நாடு இருக்கிறதே, அதை நினைத்துத்தான் பயம். உரத்துக்கான பாஸ்பேட்டை வெட்டி விற்றுப் பணம் கொட்டிய காலத்தில் அரசுதான் எல்லோருக்கும் வேலை கொடுத்தது. பாஸ்பேட் தீர்ந்தது, சேர்த்து வைத்த நிதியும் கரைந்தது, கடைசியில் சம்பளம் கொடுக்கவே திண்டாடினார்கள்.

கணக்கன்:
இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. அரசு நுகர்வு வேறு, அரசின் மொத்தச் செலவு வேறு. நுகர்வில் பெரும்பாலும் வருவது ஊழியர் சம்பளமும் அன்றாடம் வாங்கும் பொருள், சேவைகளும்தான். முதியோருக்குக் கொடுக்கும் உதவித்தொகையோ புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடமோ அதில் சேராது. அப்புறம், பாதிக்கு மேல் அரசு என்றால் மீதிதான் மக்களுக்கு என்று எண்ணக் கூடாது. வீட்டு நுகர்வு, முதலீடு, ஏற்றுமதி எல்லாவற்றையும் கூட்டி இறக்குமதியைக் கழித்தால்தான் நூறு வரும். இறக்குமதியை நம்பி வாழும் தீவில் கழிப்பதற்கு முந்தைய கூட்டல் நூறை எளிதாகத் தாண்டும்.

ஆனால் என்னை உறுத்துவது அந்த விகிதத்தில் வகுக்கும் எண், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. துவாலு கடலில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் நாள் கணக்கில் உரிமம் வாங்குகின்றன. மீன்பிடிப்பு பற்றிப் பசிபிக் நாடுகள் செய்துகொண்ட நவ்ரு ஒப்பந்தத்தில் உள்ள, துவாலு உட்பட்ட 8 நாடுகளும் ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என்று விலை வைத்தன. அரசு வருமானத்தில் பெரும் பங்கு இதுதான். அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்த வருமானமாகத் தேசிய வருமானத்தில் ஏறுகிறது, உள்நாட்டு உற்பத்தியில் ஏறுவதில்லை. அதிலிருந்து கொடுக்கும் சம்பளமோ முழுதாக அரசு நுகர்வில் வந்துவிடுகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வீட்டுச் செலவை, கொல்லையில் விளைந்த கீரையோடு மட்டும் ஒப்பிடுவதா? தேசிய வருமானத்தால் வகுத்துப் பாருங்கள், விகிதம் நன்றாகவே இறங்கும்.

கடற்கரையான்:
இது எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று. அரசுச் சேவைக்குச் சந்தை விலை இல்லாததால், ஆன செலவையே அதன் மதிப்பாக எழுதுகிறார்கள். ஆசிரியர் சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் நடப்பு விலையில் உற்பத்தியும் கூடிவிடும். பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள் என்று ஆகாது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் சூரை கிழக்கே நகர்ந்து வருமானம் பெருகும். அந்த மகிழ்ச்சியில் சம்பளத்தை ஏற்றினால், மீன் மேற்கே திரும்பிய பிறகு இறக்க முடியுமா?

பொன்னி:
முடியாது. அதற்குத்தான் 1987-இல் அறக்கட்டளை நிதி வைத்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை மூலதனம் போட்டன, துவாலுவும் போட்டது. விலைவாசிக்கு ஏற்ப அந்த மூலதனத்தின் மதிப்பு குறையாமல் காக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் தனிக் கணக்குக்குப் போகும், அரசு கை வைப்பது அந்தக் கணக்கில்தான். நவ்ருவில் இப்படி ஒரு பூட்டு இருந்திருந்தால் கதை வேறு.

கடற்கரையான்:
சரி, ஊதாரித்தனம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். சம்பள உயர்வை மட்டும் நல்ல ஆண்டின் உரிமத் தொகையோடு கட்டக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

கணக்கன்:
அதில் நானும் உங்கள் பக்கம். அரசு நுகர்வை வெட்டும்போது அந்த வெட்டு எங்கே விழும் என்பதையும் பாருங்கள். அங்கே ஆறு கிடையாது, மழைநீர்த் தொட்டிதான். 2011 வறட்சியில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். புதுத் தொட்டி கட்டினால் அது முதலீடு, உதவி நாடுகள் பணம் தரும். அதன் குழாயைச் சரிபார்ப்பவர் சம்பளம் அரசு நுகர்வு.