ஞாயிறு ஆட்டத்துக்கு யார் யாருக்கு என்ன எண்

சனிக்கிழமை, இரவு

மது: சித்தப்பா, நாளைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையாட்டத்தில் நாங்கள் ஏற்கும் கேரக்டர்களின் ஆறு திறன்களுக்கு எண் போட, நானும் கதிரும் இப்போதே பகடை உருட்டிவிட்டோம். எனக்கு 17, 16, 15, 13, 12, 11. அவனுக்கு 13, 11, 10, 9, 8, 6. வரவே மாட்டேன் என்று போர்வைக்குள் போய்விட்டான்.

செந்தில் சித்தப்பா: எப்படி உருட்டினீர்கள்?

மது: நான்கு பகடை போட்டு, சின்னதை விட்டுவிட்டு மீதி மூன்றையும் கூட்டினோம். ஆறு தடவை. புத்தகத்தில் இருக்கிறபடிதான்.

செந்தில் சித்தப்பா: முறை சரிதான். ஆனால் கதிர் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆட்டத்தில் பகடையோடு சேர்வது இந்த எண் இல்லை, அதிலிருந்து வரும் கூட்டல் கழித்தல். 10, 11 என்றால் ஒன்றும் இல்லை. 12-க்கு +1, 14-க்கு +2, 16-க்கு +3. கீழே போனால் 9, 8-க்கு -1, 6-க்கு -2. உன் ஆறையும் கூட்டினால் +10. அவனுடையது -3.

அம்மா: ஐயோ, பாவம் பிள்ளை. மறுபடி உருட்டச் சொல்லலாமே செந்தில்?

அருண்: சித்தி, விழுந்ததை வைத்து ஆடுவதில்தான் ருசி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதலில் வெளியிட்டபோது மூன்றே பகடை. விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும், இடம் மாற்றக் கூடாது. 18 விழ 216-இல் ஒரு வாய்ப்பு. இப்போதைய நான்கு பகடையில் ஏறக்குறைய 62-இல் ஒன்று.

செந்தில் சித்தப்பா: அருண், அந்த ஆட்டத்தில் அது பொருந்தியது. இந்த எண்களுக்கு அப்போது வேலை குறைவு. கேரக்டர் செத்தாலும் சில நிமிடத்தில் இன்னொன்றை எழுதிவிடலாம். நாம் அடுத்த லீவு வரை ஒரே கேரக்டரை வைத்து ஆடப்போகிறோம். ஒரு ராத்திரி விழுந்த 6-ஐ ஒரு குழந்தை மாதக்கணக்கில் சுமக்க வேண்டுமா?

அருண்: அதுவும் சரிதான் சித்தப்பா.

அம்மா: உருட்டாமலே எண் கொடுக்க வழி இல்லையா?

செந்தில் சித்தப்பா: இருக்கிறது அண்ணி. 2014 பதிப்பிலேயே இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லோருக்கும் 15, 14, 13, 12, 10, 8. எதை எங்கே வைப்பது என்பது அவரவர் விருப்பம். இன்னொன்று, ஆளுக்கு 27 புள்ளி கொடுத்து எண்களை வாங்கச் சொல்வது. 8 இலவசம். 13 வரை படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. ஆக 15 வேண்டுமென்றால் 9 புள்ளி போய்விடும்.

மது: எல்லோருக்கும் ஒரே எண் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவோமே?

செந்தில் சித்தப்பா: ஆக மாட்டீர்கள். ஆறு வேறு எண்ணை 720 விதமாக அடுக்கலாம். அதிலும் 8 எங்கே போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பூட்டுத் திறக்கிற ரோக் ஒருத்தனை நினைத்துக்கொள். கைத்திறனான டெக்ஸ்டெரிட்டியில் 15, உடல்வலுவான ஸ்ட்ரெங்த்தில் 8. எந்தப் பூட்டையும் திறப்பான், உள்ளே இருக்கும் பெட்டியைத் தூக்க அக்காவைக் கூப்பிட வேண்டும். எனக்கு அப்போதே ஒரு ஆள் கண்முன் வந்துவிடுவான்.

நிலா: பகடையே வேண்டாமா சித்தப்பா? எனக்கு உருட்ட வேண்டும் 😢

செந்தில் சித்தப்பா: வேண்டும் நிலாக்குட்டி. இப்படிச் செய்வோம். ஆட்டத்தை நடத்தும் என்னை விட்டால் நாளை உட்காரப்போவது ஆறு பேர். ஆளுக்கு ஒரே தடவை, நான்கு பகடை. வருகிற ஆறு எண்ணும் எல்லோருக்கும் பொது. மது, உன் 17-ஐ விட்டுக்கொடுப்பாயா?

மது: …சரி. கதிர் வருவான் என்றால் சரி.

அருண்: 5, 4, 3, 1. பன்னிரண்டு.

நிலா: 6 5 4 2!! பதினைந்து!!

அம்மா: 3, 3, 2, 1. எட்டு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

செந்தில் சித்தப்பா: அண்ணி, அந்த எட்டு கட்டாயம் வேண்டும்.

மது: 5, 5, 3, 2. பதின்மூன்று.

நிலா: பாட்டி உருட்டியதை நான் போடுகிறேன். 6, 6, 4, 3. பதினாறு! தாயக்கட்டையில் பழகிய கை என்று சொல்கிறார்.

மது: கதிர் போர்வைக்குள்ளிருந்தே உருட்டினான். 4, 4, 2, 1. பத்து.

செந்தில் சித்தப்பா: ஆக 16, 15, 13, 12, 10, 8. கதிர், நீதான் முதலில் அடுக்க வேண்டும்.

கதிர்: பாட்டியோட 16 டெக்ஸ்டெரிட்டி. நிலாவோட 15 பேசி மயக்குற கரிஸ்மா. அம்மாவோட 8 ஸ்ட்ரெங்த். ரோக்.

மது: அப்படியென்றால் என் 16 ஸ்ட்ரெங்த்துக்கு. பெட்டி தூக்க ஆள் வேண்டுமே. 8 கரிஸ்மாவுக்கு, பேச்சைக் கதிர் பார்த்துக்கொள்ளட்டும்.

செந்தில் சித்தப்பா: நாளை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். எல்லோரும் பென்சில் கொண்டு வாருங்கள். அடிபட அடிபடக் குறையும் ஹிட் பாயின்ட்டை யாரும் பேனாவில் எழுதக் கூடாது.