"புறப்பட்டுப்போய்" என்பது கட்டளையா, இல்லையா?

பம்பலப்பிட்டி வாசகன்:
"நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று இயேசு சொல்லும் மத்தேயு 28:19இல் "போங்கள்" என்ற கட்டளையே கிரேக்க மூலத்தில் கிடையாது என்றும், ஆகவே சனிக்கிழமைகளில் வேன் பிடித்து ஹட்டன் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் பெற்றோல் செலவழித்து மன ஆறுதல் தேடுகிறவர்கள் என்றும் "நாளாந்தச் சீஷன்" சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். அந்த வேனில் பதினோர் ஆண்டுகளாகப் போய்வருகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: நம்முடைய வேதாகமத்தில் "புறப்பட்டுப்போய்" என்று அச்சிட்டிருப்பது அவருடைய கண்ணில் படவில்லையா?

நாளாந்தச் சீஷன்:
பட்டபடியால்தான் எழுதினேன், ஐயா. கிரேக்கத்தில் அந்த வாக்கியத்துக்குள்ள ஒரே ஏவல் வினை "சீஷராக்குங்கள்" என்பதே. போதல், ஞானஸ்நானம் கொடுத்தல், உபதேசித்தல் ஆகிய மூன்றும் அதைச் சார்ந்து நிற்கும் எச்சங்கள், அதாவது தாமாக வாக்கியத்தை முடிக்காத வினைகள். தமிழிலும் "புறப்பட்டுப்போய்" வினையெச்சம்தானே? பவுல் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லாவோடு கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார். நானும் கொழும்புக் கோட்டையில் வேலைசெய்யும் இடத்தில், பக்கத்து மேசைக்காரரோடு சோற்றுப் பார்சலைப் பகிர்ந்தபடி அதையே செய்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகளில் வேன் எதுவும் வருவதாக எனக்கு ஞாபகமில்லை.

பம்பலப்பிட்டி வாசகன்:
முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவனுக்கு வினையெச்சம் படிப்பிக்க வேண்டாம், தம்பி. "கடைக்குப் போய்ப் பாண் வாங்குங்கள்" என்று வீட்டில் சொன்னால், "போய்" எச்சம்தானே என்று கதிரையில் இருந்தபடியே பாண் வாங்குவீர்களா? அதே அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில் தூதன் அந்தப் பெண்களிடம் "சீக்கிரமாய்ப் போய்" சீஷர்களுக்குச் சொல்லும்படி கூறுகிறான். கிரேக்கத்தில் அங்கேயும் அதே வினைச்சொல், அதே எச்சம். அவர்கள் கல்லறை வாசலில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை, ஓடினார்கள். இன்னொன்று: நம்முடைய மொழிபெயர்ப்பில் "சீஷராக்கி" என்பதும் எச்சமாகத்தான் நிற்கிறது, வாக்கியத்தை முடிக்கும் முற்று இருபதாம் வசனத்தில் "உபதேசம்பண்ணுங்கள்" என்று வருகிறது. எச்சமெல்லாம் கட்டளை அல்ல என்றால், சீஷராக்குவதும் கட்டளை அல்ல என்று சொல்ல நீங்கள் தயாரா?

நாளாந்தச் சீஷன்:
தமிழ் மொழிபெயர்ப்பைக் கொண்டு கிரேக்கத்தை அளக்கும் புதுமையை இன்றுதான் காண்கிறேன். எச்சம் எச்சம்தான்.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோவாவில் இருந்து 1687இல் மாறுவேடத்தில் இந்தத் தீவுக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திய காலத்தில் கால்நடையாகவே ஊர் ஊராகப் போனார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது நோயாளிகளைக் கைவிடாமல் பராமரித்தவரும் அவரே. 2015இல் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, ஊர் ஊராகப் போனதற்கா, ஓரிடத்தில் நின்று பராமரித்ததற்கா கொடுக்கிறீர்கள் என்று பாப்பரசரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பம்பலப்பிட்டி வாசகன்:
நன்றி. அவர் வந்தார், போனார் என்பதைத் தம்பி கவனிக்கட்டும்.

நாளாந்தச் சீஷன்:
போனவர் இருபது வருடங்களுக்கு மேல் தங்கி, 1711இல் கண்டியிலேயே இறந்தார் என்பதை ஐயா கவனிக்கட்டும். உங்கள் வேன் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பம்பலப்பிட்டிக்குத் திரும்பிவிடுகிறது.

தெமட்டகொடை மருமகள்:
நான் அந்த வேன் வந்து நிற்கும் தோட்டம் ஒன்றில் பிறந்து, கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவள். தோட்டத் தொழிலாளரான எங்கள் மக்களுக்கென்று 1854இல் தொடங்கிய ஊழியத்துக்குத் "தமிழ்க் கூலி மிஷன்" என்றே பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் எங்களை யாராகப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே போதும். ஆனாலும் எங்கள் பாட்டிக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியவர் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலேயே குடியிருந்த உபதேசியார்; அவர் சாகும்வரை எங்கேயும் புறப்பட்டுப் போகவில்லை. வேனில் வருகிறவர்கள் பாட்டுப் பாடி, கைப்பிரதி கொடுத்து, பிள்ளைகளைப் படம்பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மறு வாரம் பெயர் கேட்டால் ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. நாளாந்தச் சீஷனிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்களோடு சோறு பங்கிட்ட எவராவது சீஷராகியிருக்கிறாரா? முதலில், சீஷன் என்றால் யார் என்று இருவரில் ஒருவராவது சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகன்:
மகள், "கூலி" என்பது அக்காலத்து அரசாங்கப் பத்திரங்களிலும் புழங்கிய சொல். அதைக் கொண்டு மிஷனரிமாரை எடைபோடக்கூடாது. படம்பிடிப்பவர் நான் அல்லேன், அவரிடம் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு வருகிறேன். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது கலங்கியவர்கள் போகிறவர்களே. சோற்றுப் பார்சலுக்கு எதிராக எவரும் சட்டமூலம் கொண்டுவரவில்லை.

நாளாந்தச் சீஷன்:
அந்த வருடம் தங்கள் சபையின் பெயர்ப்பலகையைக் கழற்றிக் களஞ்சிய அறையில் வைத்தவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அப்போது நான் வாலிபர் சங்கச் செயலாளர். ஏணியைப் பிடித்தவனே நான்.

பம்பலப்பிட்டி வாசகன்:
பலகை வர்ணம் பூசுவதற்காகக் கழற்றப்பட்டது.

நாளாந்தச் சீஷன்:
எட்டு மாதமாகவா?

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன்:
எங்கள் மொழிபெயர்ப்பில் "சீடர்" என்றே இருக்கிறது. "சீஷர்" என்பதை விட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பம்பலப்பிட்டி வாசகன்:
அதற்குத் தனியாக ஒரு திரி தொடங்குங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன்.

தெமட்டகொடை மருமகள்:
என்னுடைய கேள்வி அப்படியே கிடக்கிறது.

பம்பலப்பிட்டி வாசகன்:
எச்சம் முடியட்டும், மகள், வருகிறேன். தம்பி, மத்தேயு 2:13ஐத் திறந்து பாருங்கள். தூதன் யோசேப்பிடம் "நீ எழுந்து" என்கிறான். கிரேக்கத்திலும் அது எச்சமே. அவர் படுத்த பாயோடா எகிப்துக்குப் போனார்?